கல்லாவி மாடு ஏன் நின்றது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது கல்யாணத்துக்கு முன்பே இரண்டு வீட்டாருக்கும் தெரியும். தெரிந்தேதான் கட்டி வைத்தார்கள். ஆகவே பிறகு நடந்ததற்கெல்லாம் நான் ஒருத்தி மட்டும் பொறுப்பாக முடியாது.

கல்லாவியிலிருந்து ஜூஜுவாடிக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தது ஐம்பதுகளின் நடுவில், ஒரு தை மாதம். இரண்டு ஊரும் அப்போது சேலம் ஜில்லா. ஜூஜுவாடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் மைசூர் ராஜ்யம் வந்துவிடும், அதற்கப்புறம் அத்திப்பள்ளி. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தமிழில் ஆரம்பித்த சண்டை அடுத்த வீட்டில் தெலுங்குக்கு மாறி, கிணற்றடிக்கு வரும்போது கன்னடத்தில் முடியும். நான் வந்த புதிதில் யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமல் தவித்திருக்கிறேன்.

இரண்டு வீடும் வேதக்கார, அதாவது கத்தோலிக்கக் கிறிஸ்தவக் குடும்பங்கள். என் அப்பா மானாவாரி விவசாயி. சீராக அவர் கொடுத்தது ஒரு மாடு. ஏர் ஓட்டிய ஜோடியில் ஒன்றை அவிழ்த்து, கொம்புக்கு மஞ்சள் பூசி, என்னோடு அனுப்பி வைத்தார். மிச்சம் இருந்த ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு அந்த வருஷம் யாரோடோ கூட்டுச் சேர்ந்து உழுதார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்த மாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பா முகம்தான் தெரியும். இரண்டு பேருக்குமே நெற்றி அகலம், இரண்டு பேருமே அதிகம் பேசமாட்டார்கள்.

மாமனார் வீட்டில் மாடு முதல் சில வாரம் தங்கமாக நடந்தது. ஒற்றை மாட்டு வண்டியில் பூட்டினால் அத்திப்பள்ளி வரைக்கும் பேச்சு மூச்சில்லாமல் போய் வரும். விபூதி புதன் கழிந்து, பாஸ்கா என்கிற ஈஸ்டர் வரைக்குமான தபசு காலம் ஆரம்பித்தது. மாடும் ஆரம்பித்தது. எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளி ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் ரோட்டோரமாக ஒரு பெரிய புளியமரம் உண்டு. அதன் அடியில் வந்ததும் டக்கென்று நின்றுவிடும். அதட்டினாலும் நகராது, தட்டிக்கொடுத்தாலும் நகராது. வண்டியில் இருக்கும் அத்தை, அதாவது என் மாமியார், ஜெபமாலையை எடுத்துச் சொல்ல ஆரம்பிப்பார். முழு ஜெபமாலையும் முடிந்து, பிரார்த்தனையும் முடிந்த பிறகு மாடு ஏரிக்கரைப் பக்கம் ஒரு தடவை ஏக்கமாகப் பார்க்கும், ஒரு பெருமூச்சு விடும், அப்புறம் தானாக நடக்கும்.

இது ஒரு நாள் இரண்டு நாள் என்றால் சரி. ஒவ்வொரு தடவையும் அதே மரம், அதே ஜெபமாலை, அதே பெருமூச்சு.

மாமனாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் கோயில் காரியங்களில் அவர்தான் முன்னால் நிற்பவர். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் முழங்கால் போட்டால் எல்லாரையும்விடத் தாமதமாக எழுந்திருப்பார். தபசு காலம் வந்துவிட்டால் வீட்டில் கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டை கூடக் கிடையாது. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் நம் வீட்டு ஜன்னலைச் சாத்தச் சொல்வார். சட்டதிட்டம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு தடவை அத்திப்பள்ளிப் பக்கத்துப் பங்குச் சாமியார் ஏதோ ஒரு நேர்ச்சை அறிவித்தார் என்று அத்தை சொன்னபோது மாமா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அந்தப் பக்கத்து மேற்றிராணியார் வேற, நம்ம மேற்றிராணியார் வேற. அங்க சொன்னது இங்க செல்லாது. இங்க சொன்னது அங்க செல்லாது. ராஜ்யம் மாதிரிதான் இதுவும்.”

பிஷப்புகளுக்கே எல்லை போட்ட அப்பேர்ப்பட்ட மனிதர் மாட்டின் விஷயத்தில் தீர்ப்பும் சொல்லிவிட்டார். ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவியபடி, என்னைப் பார்க்காமல், தண்ணீர்ச் செம்பைப் பார்த்துச் சொன்னார்.

“கல்லாவி மாடு, கல்லு மாதிரி நிக்குது. பாஸ்கா முடிஞ்சதும் அத்திப்பள்ளிச் சந்தையில வித்துடலாம். ஒங்கப்பாவுக்கு ஆள் உட்டுச் சொல்லிடு. ஜோடியில இன்னொண்ணு இருக்கில்ல, அத ஓட்டியாரச் சொல்லு.”

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. இன்னொன்றையும் கொடுத்துவிட்டு என் அப்பா எதை வைத்து உழுவார்? தோளில் நுகத்தைப் போட்டுக்கொள்வாரா? அதைவிட, கல்லாவியிலிருந்து கோளாறான மாட்டைத் தள்ளிவிட்டார்கள் என்ற பேச்சு அவர் காதுக்குப் போனால் மனிதர் வெளியே தலைகாட்டமாட்டார். மாட்டுக்குக் கோளாறு இல்லை என்று பாஸ்காவுக்குள் நிரூபித்தே தீருவது என்று அன்றைக்கு அடுப்படியில் சாம்பலைக் கிளறிக்கொண்டே முடிவு செய்தேன்.

நிரூபிப்பது எப்படி என்பதும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு முன் நான் வாத்தியார் பயிற்சி முடித்தவள். இயற்கைப் பாடத்தில் பிராணிகளின் நடத்தை என்று ஒரு பகுதி உண்டு. ஒரு பிராணி ஏன் ஒன்றைச் செய்கிறது என்று முதலில் ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் தோற்றுப்போகக் கூடியதாக இருக்க வேண்டும். தோற்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி. எங்கள் விடுதிக் கோழிகள் சாப்பாட்டு மணி அடித்தால் ஓடி வரும். மணிச் சத்தத்துக்கா, தீனி வாசனைக்கா என்று கண்டுபிடிக்கத் தீனி இல்லாமல் மணியை மட்டும் அடித்தேன். கோழிகள் வந்தன, கூடவே விடுதிப் பெண்கள் எல்லாரும் தட்டோடு வந்தார்கள். ஊகம் நிரூபணம் ஆனது, எனக்குத் தண்டனையும் கிடைத்தது.

இந்தப் படிப்பை நான் வீட்டில் விளக்கிச் சொன்னதுதான் தாமதம், ஆளுக்கொரு ஊகத்தோடு வந்து நின்றார்கள்.

முதல் ஊகம் அத்தையுடையது. புளியமரத்தில் முனி இருக்கிறது, மாட்டின் கண்ணுக்கு அது தெரிகிறது என்றார்.

“அத்தை, நாம வேதக்காரங்க. நமக்கு ஏது முனி?”

“நமக்கு இல்லம்மா. ஆனா முனிக்கு அது தெரியணுமே.”

இதற்கு என் பயிற்சிப் பள்ளியில் பதில் சொல்லித் தரவில்லை. ஆனால் சோதிக்க வழி இருந்தது. மந்திரித்த, காசு அளவு மாதா சுரூபம் ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்து மாட்டின் கொம்பில் கட்டினோம். முனியால்தான் மாடு நிற்கிறது என்றால் மாதாவைக் கண்டதும் முனி ஓடிவிடும், மாடு நடக்கும். நானும் என் வீட்டுக்காரரும் அத்தையும் வண்டி கட்டிக்கொண்டு போனோம். மாடு புளியமரத்தடியில் நின்றது. நின்றது மட்டுமல்ல, கயிறு கண்ணெதிரே ஆடுவதைப் பார்த்ததும் வாயில் எச்சில் ஒழுக, நாக்கைச் சுழற்றி மூக்கை நக்கிக்கொண்டது. மற்ற நாளில் இப்படிச் செய்ததில்லை.

“பாத்தியா, மாதாவப் பாத்து முனி மாட்டு ஒடம்புக்குள்ள பூந்துடுச்சு,” என்றார் அத்தை.

நான் பல்லைக் கடித்தேன். தோற்றால் தோற்றது என்று ஒப்புக்கொள்ளாத ஊகத்தோடு குடும்பம் நடத்தவே முடியாது. ஆனால் அந்த எச்சில் என் மனதில் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது ஊகம் என் வீட்டுக்காரருடையது. நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது. எதைப் பற்றியும் ஒரு கருத்துச் சொல்லாமல் இருக்கவும் தெரியாது. மாடு கல்லாவியில் பிறந்தது, தமிழ் மட்டும்தான் அதற்குத் தெரியும், புளியமரம் தாண்டினால் காதில் விழுவதெல்லாம் கன்னடம், அதனால் பயந்து நிற்கிறது என்றார்.

“அப்படின்னா கன்னடத்துல சொன்னா நடக்குமா?” என்றேன்.

“நடக்காது. புரியாதே. மொதல்ல கத்துத் தரணும்.”

அதற்காக மாட்டுக்குக் கன்னடப் பாடம் நடந்தது. சாயங்காலமானால் தொழுவத்தில் உட்கார்ந்து வைக்கோலைக் காட்டி ஒரு வார்த்தை, தண்ணீரைக் காட்டி ஒரு வார்த்தை என்று சொல்லிக்கொடுப்பார். எனக்கும் கொஞ்சம் கன்னடம் வந்தது அப்போதுதான். பிறகு புளியமரத்தடியில் நிறுத்தி, “நடி, நடி” என்றார். நிற்கிறது. போகட்டும் என்று தெலுங்கில் “பத, பத” என்றார். நிற்கிறது. தமிழில் கெஞ்சினார். மூன்று பாஷையிலும் ஒரே மாதிரி நின்றது. இறங்கி வந்து என்னிடம் மெதுவாக, “எல்லாம் புரியுது அதுக்கு. திமிரு,” என்றார். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மூன்றாவது ஊகம் ஊருடையது. அந்தச் சமயம் பாஷைவாரியாக ராஜ்யங்களைப் பிரிக்கிற பேச்சு எங்கும் அடிபட்டது. ஓசூர் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று டீக்கடையில் கிளாஸ் கழுவ விடாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். எங்கள் மாடு நிற்கிற கதை அங்கே எட்டியது. டீக்கடைக்காரர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். வாயில்லா ஜீவனுக்குத்தான் உண்மையான எல்லை தெரியும், மரம் வரைக்கும் சென்னை ராஜ்யம், அதற்கு மேல் தன் ராஜ்யம் இல்லை என்று மாடு நிற்கிறது என்றார். செய்தி அத்திப்பள்ளிக்குப் போனது. அங்கிருந்து ஒருவர் வந்து, மாடு நிற்கும்போது முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். அத்திப்பள்ளிப் பக்கம் என்றோம். அப்படியானால் மைசூருக்குள் வரத்தான் மாடு ஆசைப்படுகிறது, நீங்கள்தான் வண்டியில் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு டீ குடித்தார்.

இதைச் சோதிக்க வேறு ஒரு மாடு வேண்டும் என்றேன். எல்லை காரணம் என்றால் எல்லா மாடும் நிற்க வேண்டும் அல்லவா? டீக்கடைக்காரரின் சொந்த மாட்டையே பூட்டி ஓட்டினோம். அது புளியமரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே அத்திப்பள்ளிக்குப் போய்ச் சாணி போட்டது. டீக்கடைக்காரர் ஒரு வாரம் அந்த மாட்டோடு பேசவில்லை.

இத்தனை ஊகங்களையும் நான் சிரித்துக்கொண்டே தோற்கடித்தேன். என்னுடைய ஊகத்தின் முறை வந்தபோதுதான் சிரிப்பு வரவில்லை. எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும், லாடம் தேய்ந்திருக்கிறது, அந்த இடத்தில் ரோட்டில் ஜல்லி துருத்திக்கொண்டிருக்கிறது, மாட்டுக்குக் குளம்பு வலிக்கிறது. எவ்வளவு தெளிவான ஊகம்! படித்தவளின் ஊகம். நாலு காலுக்கும் புது லாடம் அடிக்க வைத்தேன். மாடு புது லாடத்தோடு டக் டக் என்று கம்பீரமாக நடந்து போய் அதே மரத்தடியில் நின்றது. லாடம் சரியாக அடிக்கவில்லை என்று லாடக்காரரோடு சண்டைக்குப் போய் மறுபடி அடிக்க வைத்தேன். மறுபடியும் நின்றது. முனி மாட்டின் உடம்புக்குள் புகுந்தது என்று அத்தை சொன்னபோது பல்லைக் கடித்தேனே, அதே வேலையைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன் என்று வீட்டுக்கு வந்த பிறகு உறைத்தது.

அதற்குள் தபசு காலம் பாதிக்கு மேல் போய்விட்டது. மாமா கல்லாவிக்கு ஆள் அனுப்பினாயா, அனுப்பினாயா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அத்தனை அவசரம் ஏன் என்பது எனக்குப் புரியவில்லை. மாட்டோடு அதிகம் போய் வருபவர் அவர்தான். தபசு காலத்தில் அத்திப்பள்ளியில் அவருக்கு வேலைக்கு மேல் வேலை. ஒரு நாள் செக்கு, ஒரு நாள் சக்கரப் பட்டை, ஒரு நாள் யாரையோ பார்க்க வேண்டும். தனியாகத்தான் போவார். நாங்கள் கூடப் போகிற நாளில் மாடு நின்றால் எல்லாரையும்போல அதட்டமாட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்.

ஒரு நாள் நானும் வீட்டுக்காரரும் மட்டும் வண்டியில் போனோம். வழக்கம்போல் மரத்தடி, வழக்கம்போல் நிறுத்தம். நான் இறங்கி மாட்டின் முன்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அது என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை முகர்ந்தது. அப்புறம் முந்தானையை முகர்ந்து, மூக்கால் கிளறியது. எதையோ தேடுகிறது. இந்த இடத்தில் யாரோ இதற்கு ஏதோ கொடுத்திருக்கிறார்கள்!

அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் ஒரு தீனி. கடலைப் பிண்ணாக்கை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொள்ளு, பருத்திக்கொட்டை, வெல்லம் எல்லாம் தின்றது, ஆனால் நகரவில்லை. எனக்கு அலுத்துப்போயிற்று. பாஸ்காவுக்கு முன்னால் வருகிற குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வாரம், போன தடவை அத்திப்பள்ளியில் வாங்கியதில் மிஞ்சிய ஏலக்கி வாழைப்பழம் மடியில் இருந்தது. மாடு நிற்கிறது, நிற்கட்டும், நான் பசியாறுகிறேன் என்று ஒன்றை உரித்தேன். மாட்டின் காது இரண்டும் முன்னால் வந்தன. கழுத்தை நீட்டி, பழத்தைத் தொடாமல், கையிலிருந்த தோலை மட்டும் உருவிக்கொண்டது. தின்றது. உடனே நடக்க ஆரம்பித்தது. ஜெபமாலை இல்லை, பெருமூச்சு இல்லை. வீட்டுக்காரர் ஓடிப் போய் ஏறினார். நான் பழத்தை வாயில் வைத்தபடி பின்னாலேயே ஓடினேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். பழத்தை விட்டுவிட்டுத் தோலைத் தேடுகிற மாடு என்றால், பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை மட்டும் கொடுக்கிற ஓர் ஆள் இருக்க வேண்டும். ஒரு முழு ஜெபமாலை நேரம் மாட்டைக் காக்க வைத்துவிட்டு வருகிற ஆள். ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து வருகிற ஆள். அந்த வண்டியைத் தனியாக ஓட்டுபவர் வீட்டில் ஒரே ஒருவர்தான். அவரோ வாழைப்பழம் சளி பிடிக்கும் என்று வீட்டில் தொடவே மாட்டார்.

ஊகம் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லவே பயமாக இருந்தது. ஆனாலும் சோதிக்காமல் விட என் குணம் விடவில்லை.

மறுநாளே மாமா வண்டி கட்டினார். சக்கரத்துக்கு மசகு வேண்டுமாம். நான் புல் அறுக்கப் போவதாகச் சொல்லி, கூடையும் அரிவாளுமாகக் குறுக்கு வழியில் முன்னால் போய் ஏரிக்கரை மேல் ஒரு புதர் மறைவில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் புளியமரம். மறு பக்கம் கரைக்குக் கீழே, அதுவரைக்கும் நான் பார்த்தே இராத ஓர் ஓட்டுக் கட்டடத்தின் பின்புறம். புகை வந்துகொண்டிருந்தது. காற்று என் பக்கம் திரும்பியதும் தெரிந்துபோயிற்று. மிலிட்டரி ஹோட்டல். ஆட்டுக்கறிச் சாறு கொதிக்கிற வாசனை. ஒரு மாதத்துக்கு மேல் வெறும் கீரையும் பருப்பும் தின்ற வயிறு எனக்கு. புதருக்குள் உட்கார்ந்தபடியே கண்ணில் நீர் வந்துவிட்டது.

வண்டி வந்தது. மாடு நின்றது. மாமா இறங்கி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய உத்தரியத்தை, மாதா படம் தைத்த அந்தத் துணித் துண்டை, பயபக்தியாகக் கழற்றி முத்தமிட்டார். அதை மாட்டின் கொம்பில் மாட்டினார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டி, கரைப்பாதையில் எனக்குப் பத்தடி தள்ளி ஏறி இறங்கிப் பின்வாசல் வழியாக உள்ளே போனார்.

கொம்பில் கறுப்புக் கயிறு ஆடியது. மாடு எச்சில் ஒழுக விட்டது. மாதா சுரூபத்தைக் கட்டிய அன்றைக்கு அதன் வாய் ஏன் ஊறியது என்று எனக்கு அந்த நிமிஷம் விளங்கியது. கயிறு கொம்பில் ஏறினால் பழத்தோல் வரும் என்று பாவம் அது கற்றுக்கொண்டிருந்தது. எங்கள் விடுதிக் கோழிகளுக்கு மணி எப்படியோ, இதற்கு உத்தரியம் அப்படி.

ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரம் கழித்து மாமா வெளியே வந்தார். மீசையைத் துண்டால் துடைத்தார், மறுபடி துடைத்தார். வாசனை போவதற்காக ஏலக்கிப் பழங்களை ஒன்றன் பின் ஒன்றாக விழுங்கினார். தோலையெல்லாம் மாட்டுக்குக் கொடுத்தார், ரோட்டில் ஒரு துண்டு விழவில்லை. உத்தரியம் கழுத்துக்கு வந்தது. வண்டி அத்திப்பள்ளிக்கு மசகு வாங்கப் போனது.

சிரிப்பு வந்ததா என்று கேட்டால், வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அந்தப் பக்கத்து மேற்றிராணியார் வேறு, இந்தப் பக்கத்து மேற்றிராணியார் வேறு என்று அவர் அன்றைக்குச் சொன்னது இதற்குத்தானா? இங்கே செய்த தபசு அங்கே செல்லாது என்று கணக்குப் போட்டு, உத்தரியத்தை மட்டும் தபசில் விட்டுவிட்டு உள்ளே போகிறார். போகட்டும், அவர் ஆத்துமம், அவர் பாடு. அவர் பழக்கிய பழக்கத்துக்கு என் அப்பாவின் மாட்டுக்குக் கோளாறு என்று பெயர் வைத்து, தன் குட்டு உடைவதற்குள் விற்றுவிடப் பார்த்தாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். புல் ஒன்றும் அறுக்காமல் வெறுங்கூடையோடு வீட்டுக்கு வந்தேன். அத்தை கூடையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கூடையை வாங்கி மூலையில் வைத்தார்.

பெரிய வெள்ளி போனது. பாஸ்கா வந்தது, வீட்டில் ஆட்டுக்கறி கொதித்தது. மாமா இலையில் உட்கார்ந்து, “எத்தன நாளாச்சு, நாக்கே செத்துப்போச்சு,” என்றார். எனக்குக் கரண்டி கை நழுவியது.

திங்கட்கிழமை சந்தை. மாட்டை விற்பதற்காகவே வண்டி கட்டியது. திரும்பி வர டீக்கடைக்காரரின் மாட்டைக் கடன் கேட்டு, வண்டிக்குப் பின்னால் கட்டிக் கூட்டி வந்தோம். மாமா ஓட்டினார், என் வீட்டுக்காரர் பக்கத்தில். அத்தையும் நானும் உள்ளே. என் மடியில் ஏலக்கிப் பழம் இருந்தது. சொல்ல வேண்டிய வார்த்தைகளை ஒவ்வொன்றாக அடுக்கி வைத்திருந்தேன்.

புளியமரம் வந்தது. மாடு நின்றது.

“பாத்தீங்களா, இதான் கல்லாவிச் சரக்கு,” என்றார் மாமா, திரும்பாமல்.

நான் பழத்தை வெளியே எடுத்தேன். அந்த வாசனைக்கோ என்னவோ மாமா திரும்பினார். பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அத்தை எழுந்துவிட்டார். என் கையிலிருந்த பழத்தைப் பிடுங்கிக்கொண்டு, மாமாவைத் தாண்டிக் கீழே இறங்கி, மரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பழத்தை நிதானமாக உரித்தார். பழத்தை மரத்தடியில் வைத்தார், தோலை மாட்டுக்குக் கொடுத்தார். மாடு தின்றுவிட்டு நடக்கத் தொடங்கியது. மாமா கயிற்றை இழுத்துப் பிடித்து நிறுத்தினார்.

“நான் அப்பவே சொன்னேன், முனின்னு,” என்றார் அத்தை. “முனிக்குப் பழம் வெச்சதும் மாடு போவுது. மாட்டு மேல என்னாங்க கோளாறு? இத வித்துட்டு வேற மாடு வாங்கினா அதையும் முனி நிறுத்தும். வண்டியத் திருப்புங்க.”

மாமா வண்டியைத் திருப்பினார். எதற்கும் கருத்துச் சொல்கிற என் வீட்டுக்காரர், கன்னடப் பாடம் வீணாகிவிட்டதே என்று மட்டும் சொன்னார்.

மாடு பிழைத்தது, அப்பாவின் மானமும் பிழைத்தது. ஆனால் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். அத்தனை பாடுபட்டு ஒவ்வொன்றாகத் தோற்கடித்துக் கண்டுபிடித்த உண்மை, கடைசியில் முனியின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. அதே பழம், அதே மரம், அதே மாடு. என் ஊகத்தை நிரூபித்த சோதனையே அத்தையின் ஊகத்தையும் நிரூபித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“அத்தை, முனியும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் ஏரிக்கரை மேல ஒக்காந்து கண்ணால பாத்தேன்.”

அத்தை பாஸ்காவுக்கு மிஞ்சிய குழம்பைச் சுடவைத்துக்கொண்டிருந்தார். கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தெரியும்மா. தபசு காலத்துல மட்டும் வரும். வாயத் தொறந்தா வாழப்பழ வாசன, மீசையில கறிச்சாத்து வாசன. அந்த முனியோடதான முப்பது வருசமா நான் குடும்பம் நடத்துறேன்.”